தோள்பட்டைக்கு ஒரு படகு

உலகத்தில் மீனுக்காகப் படகு வாங்கியவர்கள் உண்டு, பொழுதுபோக்குக்காக வாங்கியவர்கள் உண்டு, பவிசு காட்ட வாங்கியவர்களும் உண்டு. தோள்பட்டைக்காகப் படகு வாங்கிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். அவருடைய சொந்தப் பெயரை ஆஜர் புத்தகத்தில் தினமும் எழுதியவன் நான்தான். எனக்கே அது மறந்துவிட்டது. திருப்பூரில் பாதிப் பேருக்கு அவர் படகு மாஸ்டர்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் அந்தக் கம்பெனியில் டைம்கீப்பர். மாஸ்டர் துணியைப் பன்னிரண்டு மடிப்பாக அடுக்கி, அவருடைய முழங்கை நீளக் கத்தரியை ஓர் ஓட்டு ஓட்டினால் பன்னிரண்டு பனியனும் ஒரே வயிற்றில் பிறந்தவை மாதிரி வரும். முப்பது வருஷம் அப்படி ஓட்டியதில் அவருடைய வலது தோள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்துவிட்டது. கை மார்புக்கு மேலே எழும்பவில்லை. தலை வாரிவிட வீட்டம்மா வரவேண்டும். ஊருக்கெல்லாம் பனியன் வெட்டியவர், தன் தலைவழியே ஒரு பனியனை மாட்ட முடியாமல் வெறும் சட்டையோடு வந்துகொண்டிருந்தார்.

முதலாளி நல்ல மனிதர். அதுதான் பயமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் கத்திவிட்டு மறந்திருப்பார். இவர் மாஸ்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, அப்புறம் சொன்னார்.

"ஏனுங்க மாஸ்டர், பொரட்டாசி பொறக்கறவரைக்கும் வைத்தியம் பாருங்க. அப்பவும் கை வராட்டி வேற ஆளுதானுங்க வெக்கோணும்."

மாஸ்டர் தலையாட்டிவிட்டு வந்தார். சாயங்காலம் என் மேஜையருகே வந்து நின்று, "கத்திரி இல்லாத என்னைய ஊட்ல வெச்சுட்டு என்னுங்க பண்ணுவாங்க?" என்று கேட்டார். நான் ஆஜர் புத்தகத்தைப் புரட்டினேன்.

கோயமுத்தூரில் சீமைக்குப் போய்ப் படித்த ஒரு டாக்டர் இருந்தார். தோளைத் திருகிப் பார்த்துவிட்டு, தினமும் படகில் துடுப்புப் போட்டால் சரியாகிவிடும் என்றார். சீமை ஞாபகத்தில் சொல்லியிருப்பார். வேறு ஆளாக இருந்தால் வீட்டுக் கிணற்றில் நாலு குடம் இறைத்துவிட்டு வைத்தியம் முடிந்தது என்றிருப்பார்கள். மாஸ்டர் அப்படியில்லை. பேட்டர்ன் அட்டையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் வெட்டுவார். டாக்டர் துடுப்பு என்றால் துடுப்பு.

டாக்டரிடமே படகுகளைப் பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை இரவல் வாங்கி வந்துவிட்டார். கம்பெனியில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான் ஒருவன்தான். என் தலையெழுத்து அங்கே தொடங்கியது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க நான் வாசித்து அர்த்தம் சொல்ல, அவர் இடது கையால் சாக்பீஸ் பிடித்து மேஜையில் படம் போடுவார். கால்வாசி அர்த்தம் நானாக இட்டுக்கட்டியது. அதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

துடுப்பு மட்டும் போதாது, பாயும் வேண்டும் என்றார் மாஸ்டர். ஏன் என்று கேட்டேன். "போறப்ப துடுப்புப் போட்டு அக்கட்டப் போயிருவனுங்க. கை நோவெடுத்துக்கும். வாறப்ப காத்துதானுங்க கொண்டாந்து உடோணும்" என்றார். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசும். மேற்கே துடுப்பு, கிழக்கே பாய். கணக்காகத்தான் இருந்தது. அப்புறம், நோவெடுத்த கையோடு கரையேற்ற வேண்டுமே, அதனால் படகு லேசாகவும் இருக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், துடுப்புக்கு ஒடுக்கமான படகு நல்லது, பாய் கட்ட அகலமான படகு நல்லது என்று புத்தகம் சொன்னது. அகலம் குறைந்தால் காற்றுக்குக் கவிழும், கூடினால் துடுப்புக்கு நகராது. மாஸ்டர் மூன்று நாள் யோசித்தார். "ஒரே பனியனை அப்பனும் மகனும் போடறாப்பல வெட்டோணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் டேப்பும் கையுமாகப் படகு பார்க்கக் கிளம்பினோம். பெண் பார்ப்பதில்கூட அவ்வளவு குறை சொல்லமாட்டார்கள். பவானியில் ஒரு பரிசல் பார்த்தோம். லேசுதான், ஒரு ஆள் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடலாம். ஆனால் முன்னும் இல்லை, பின்னும் இல்லை, தட்டாமாலை சுற்றியது. பாயை எங்கே கட்டுவது என்று மாஸ்டர் கேட்டதற்குப் பரிசல்காரர் எங்களைச் சந்தேகத்தோடு பார்த்தார். அப்புறம் ஓர் அணையில் மீன்பிடிக்கிற பலகைப் படகு. மாஸ்டர் ஒரு முனையை இடது கையால் தூக்கிப் பார்த்தார். படகு அசையவில்லை, அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இடது பக்கமும் போய்விடுமோ என்று ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தேன்.

கடைசியில் உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் ஒரு பழைய பங்களா. அதில் குடியிருந்த வெள்ளைக்காரர் தன் ஊருக்குப் போய்விட்டார், அவருடைய படகு கொட்டகையில் கிடந்தது. மாஸ்டர் டேப்பைப் போட்டார். "ஒசரம் பத்தடி, செஸ்ட் நாலடி. ஒல்லியுமில்லீங்க, குண்டுமில்லீங்க" என்றார். இடது கையில் ஒரு முனை சுலபமாக எழும்பியது. அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை அந்த வருஷத்தில் நான் பார்க்கவில்லை. ஆனால் படகின் அடியில் நட்டநடுவே நீளமாக ஓர் ஓட்டை. ஓட்டைப் படகை எவனாவது எடுப்பானா என்று நான் குதித்தேன். அதில் ஒரு பலகையைச் செருகித் தண்ணீருக்குள் இறக்கினால் காற்றுக்குப் படகு பக்கவாட்டில் ஒதுங்காது என்று பங்களா வாட்ச்மேன் விளக்கினார். இடத்தை அடைக்கிறது, கொடுப்பதைக் கொடுத்துவிட்டுக் கொண்டுபோனால் புண்ணியம் என்று அவரே தேங்காய் லாரியில் ஏற்றியும் விட்டார். பாயை மட்டும் எலி தின்றிருந்தது.

பாய்க்கு என்ன துணி என்று புத்தகத்தைப் பார்க்கச் சொன்னார். வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. நல்ல துணி என்று மொழிபெயர்த்தேன். "நல்ல துணின்னா நம்ம கம்பெனித் துணிதானுங்க" என்றார். இதைக் கேட்டதும் அதில் ஏதோ தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு மட்டுமா? சுற்றி நின்ற டெய்லர்கள், மடிக்கிறவர்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் எல்லோரும் பனியன் துணியில் பிறந்து வளர்ந்தவர்கள். மாஸ்டர் பேட்டர்ன் போட்டார். துவைத்தால் சுருங்கும் என்று நாலு விரல் அலவன்ஸ் விட்டு, ஓரத்துக்குக் கழுத்துப்பட்டி வைத்துத் தைத்தார்கள். நடுவில் கம்பெனி லேபிளையும் வைத்துவிட்டார்கள்.

ஆடி முதல் வாரம். ஊருக்கு மேற்கே குளம் நிரம்பிக் கிடந்தது. பாயை மேலே இழுக்கக் கையைத் தூக்க வேண்டும், அவரால் முடியாது; ஆகவே நானும் ஏறினேன். நடுக்குளத்தில்தான் எனக்கு ஒரு கேள்வி உதித்தது. எனக்கு நீச்சல் தெரியாது, அவருக்குத் தெரியுமா?

"ஜோராத் தெரியுமுங்க. கையத்தான் தூக்க முடியாது" என்றார்.

என் வீட்டையும் இரண்டு வயசு மகளையும் நினைத்துக்கொண்டேன். அக்கரை போய்த் திரும்பும்போது காற்று பேயாக வந்தது. மாஸ்டர் சைகை காட்ட, கண்ணை மூடிக்கொண்டு பாயை இழுத்தேன். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று முருகனைக் கூப்பிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பாய் தொப்பை போட்டது, இன்னும் பெரிய தொப்பை போட்டது, மெல்ல நீண்டு என் மூக்கைத் தொட்டது. காற்று முழுக்க அதற்குள் நுழைந்து என் முகத்தில் சுகமாக அடித்தது. காற்றோட்டத்துக்குப் பேர்போன துணி அல்லவா! படகு நகரவேயில்லை, இருந்த இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் பாயைத் தடவிப் பார்த்து, துணி நன்றாக மூச்சு விடுகிறது என்று பெருமைப்பட்டார். அதற்குப் பிறகுதான் விஷயம் இரண்டு பேருக்கும் உறைத்தது. வேறு வழி இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கரைவரைக்கும் துடுப்புப் போட்டார். கரையில் கால் வைத்ததும் நான் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டேன்.

கெட்டியான காடாத் துணியில் வேறு பாய் தைக்கலாம் என்று மறுநாள் சொன்னேன். மாஸ்டர் தோளை நீவிக்கொண்டார். "வேண்டாமுங்க. பாய் இழுத்துட்டுப் போச்சுன்னா கை சும்மா படுத்துக்குமுங்க" என்றார். ஆனாலும் தினமும் பாயை ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றார். படகு வாங்கியது துடுப்பு, பாய் இரண்டுக்கும்தானே!

இரண்டு மாதம், தினமும் காலை ஆறு மணிக்கு என் வாசலில் மாஸ்டரின் செருமல் கேட்கும். திட்டிக்கொண்டேதான் எழுந்திருப்பேன். போகவும் துடுப்பு, வரவும் துடுப்பு. முதலாளி அவ்வப்போது மாஸ்டர் கை எப்படி என்று என்னிடம் விசாரிப்பார். தேவலைங்க என்பேன். முதல் மாதம் சொன்னதெல்லாம் பச்சைப் பொய்.

ஆவணி கடைசி நாள். புது மாஸ்டர் ஒருவர் வீரபாண்டியிலிருந்து தன் கத்தரியோடு வந்து ஓரமாக நின்றார். முதலாளி மேஜைக்கு எதிரே. பன்னிரண்டு மடிப்பு அடுக்கினார்கள். மாஸ்டர் கத்தரியை எடுத்தார். கை மார்பைத் தாண்டியது, தோளைத் தாண்டியது, மேஜையின் அந்தக் கோடிவரை எட்டிப் போனது. கழுத்து வளைவில் ஒரு கணம் நின்றது. அப்புறம் வழக்கம்போல ஒரே ஓட்டு. முதலாளி மேல் துணியையும் அடித் துணியையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்தார். மயிரிழைகூடப் பிசகவில்லை. நான் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வியர்வை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். முதலாளி புது மாஸ்டருக்குக் காபி சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க டைம்கீப்பரு, தேவலை தேவலைன்னீங்களே, இன்னைக்குத்தான் நெசமாயிருக்குதாட்டத் தெரியுது."

மறுநாள் காலை ஆறு மணிக்குச் செருமல் கேட்கவில்லை. கை சரியாகிவிட்டது, இனி எதற்கு வரவேண்டும்? விட்டது சனி என்று போர்வையை இழுத்து மூடினேன். புரண்டேன். ஆறேகால் ஆனது. ஆறரைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டேன். மாஸ்டர் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டருங்க, துடுப்ப உட்டா தோளு மறுக்கா புடிச்சுக்குமுன்னு அந்தப் புஸ்தகத்துல போட்டிருக்குதுங்க" என்றேன்.

அப்படி ஒரு வரி அந்தப் புத்தகத்தில் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். எழுந்துபோய்த் துடுப்பை எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. அதைச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெரிந்த வழி அந்தப் பொய் ஒன்றுதான்.