கூப்பிடு தூரம்

இதுல ஒரு வார்த்தை பொய்யின்னா என் நாக்கு சிக்னல் இல்லாமப் போகட்டும். அத்தனையும் நிஜம்.

டவர்காரர்னு ஒருத்தர். போன் டவர்ல ஏறி ஆன்டெனா மாட்டுறவர். போன வருஷம் மேல இருந்து விழுந்து, முட்டிக்குக் கீழ கம்பி வச்சுக்கிட்டு வந்தார். அன்னிக்கே வீட்டம்மா தீர்ப்பு சொல்லிருச்சு: "இனிமே தரை வேலைதான். இன்னொரு தடவ ஏறுனீங்க, அப்புறம் எங்கண்ணன் கடையில பொட்டலம் மடிக்கத்தான் போகணும்!"

மச்சான் கடையில பொட்டலமா! அதுக்கு இன்னொரு தடவ விழலாம்.

ஆனா கை அரிக்குதே. ஒரு நாள் ஆன்டெனா மாத்தணும், ஏறுறவனுக்குக் காய்ச்சல். இவர் யோசிச்சார். வேலை முடியுற வரைக்கும் டவரை அணைச்சிருவாங்க. டவர் செத்தா ஊருக்கே போன் செத்துச்சு. வீட்டம்மா எப்படிக் கூப்பிடும்? குரங்கா ஏறிட்டார்.

நாப்பது மீட்டர். காத்து பேயா அடிக்குது. ஒரு கை கம்பியில, ஒரு கை போல்ட்டுல. அப்பத்தான் பையில போன் அடிச்சுது.

கால் வந்ததும் கால் ஆடிருச்சு. செத்த டவர் மேல உக்காந்திருக்கோம், போன் எப்படிடா அடிக்குதுன்னு பார்த்தா, வீட்டம்மா!

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்லதான்மா."

"என்ன இரைச்சல்?"

"ஃபேன். புது ஃபேன்."

"ஏன் மூச்சு வாங்குது?"

"மேலதிகாரி மேல வரச் சொன்னார். மாடிப்படி."

"கதவுக்குப் பின்னால மாட்டியிருந்த, நீங்க டவர் ஏறக் கட்டுற பெல்ட்டைக் காணோமே?"

கை வழுக்குச்சு. போல்ட் கம்பிக்குக் கம்பி டங்கு டங்குனு அடிச்சுக்கிட்டே கீழ போச்சு.

"அது என்ன?"

"டீ கிளாஸ்மா. உடைஞ்சிருச்சு."

"சத்தியமா தரையிலதான் இருக்கீங்களா?"

"உன் மேல சத்தியமா!"

"ஆமாங்க. என் மேலதான் இருக்கீங்க. நாப்பது மீட்டர் மேல."

குனிஞ்சு பார்த்தார். டவர் அடியில வீட்டம்மா. ஒரு கையில போன், இன்னொரு கையில போல்ட்.

"டவரே இல்லையேடி! எப்படிக் கூப்பிட்டே?"

"போன வாரம் சோத்துல கைய வச்சுக்கிட்டுப் பீத்திக்கிட்டீங்களே! டவர் இல்லாமலே போனும் போனும் நேரா பேசிக்கிற ஆப் ஒண்ணு இருக்குன்னு. என் போன்லயும் போட்டு விட்டீங்க. எவ்வளவு தூரம்னு கேட்டேன். 'கூப்பிடு தூரத்துல இருந்தா போதும்'னீங்க. வீட்ல இருந்து கூப்பிட்டேன், போகல. ஆபீஸ் வாசல்ல நின்னு கூப்பிட்டேன், போகல. இங்க வந்தேன், மணி அடிச்சுது."

டவர்காரர் அவசரமா ஒரு கம்பி கீழ கால் வச்சார்.

"அவசரப்படாம இறங்குங்க. எங்கண்ணன் தாளும் நூலும் எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறார்."

சரி, ஓசியில கேட்டுட்டு யாரும் நழுவ வேணாம். எனக்கு டீ யார் சொல்றீங்க? எல்லாரும் கூப்பிடு தூரத்துலதான் இருக்கீங்க.