மோசம் என்று சொல்ல முடியாத பெண்

ஹால்வர், மினசோட்டா
ஏப்ரல் மாதம், ஏரிமேல் பனி இன்னும் உடையவில்லை

அன்பும் மரியாதையும் மிக்க மார்லிஸ் அக்காவுக்கு,

தம்பி லைல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பிரிட்டாவும் நாயும் எழுந்து நடமாடும் அளவுக்குச் சுகம். அங்கே அரிசோனா வெயிலில் நீயும் டென்னிஸ் அத்தானும் கருகாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் தேவாலயத்தில் நினைத்துக்கொள்கிறேன். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய ஆரஞ்சுப் பழங்கள் வந்தன. பழம் பரவாயில்லை. நான் பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் நீ ஊரை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது, மறந்திருந்தால் என்ன செய்வது என்று சொல்லிவிடுகிறேன்: அப்படி ஒரு பழத்தை என் ஆயுளில் தின்றதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் முடிவதற்குள் நீ பிரிட்டாவைப் புகழ்ந்து ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். பெற்றவன் நான் எழுத வேண்டியது, என்னால் முடியவில்லை. அது போய்ச் சேராவிட்டால் மேய்ன் மாநிலத்துக் கல்லூரியில் பனியையும் நீரையும் பற்றிப் படிக்கும் இடம் அவளுக்குக் கிடைக்காது. சின்ன வயசிலிருந்து அந்தப் பெண் கேட்டது அது ஒன்றுதான். அதைக் கெடுத்தது யார் என்றால் நான்தான், அதுவும் வாயைத் திறந்து நாலு வார்த்தை நல்லதாகப் பேசி.

படிப்பு முடிந்த பிறகு என்ன செய்வது என்று பிள்ளைகளுக்கு வழிகாட்ட பள்ளிக்கூடத்தில் ஒரு ஆலோசகர் உண்டு அல்லவா, நம் காலத்தில் ஹாக்கி சொல்லிக்கொடுத்தவரே அதையும் பார்த்துக்கொண்டார், "பட்டாளமா, சுரங்கமா?" என்று நடையிலேயே கேட்பார், நாம் ஒன்றைச் சொல்வோம், எதிர்காலம் முடிந்தது. இப்போது அதற்கென்று தனி அறை, நாற்காலி, சுவரில் தேசப்படம். போன இலையுதிர் காலத்தில் டெக்சாஸிலிருந்து மிஸ் ஹோலிஸ் என்று ஒருவர் அந்த வேலைக்கு வந்தார். நல்ல மனுஷி. அதுதான் தொந்தரவே. பெற்றோரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். டயான் உயிரோடு இருந்திருந்தால் பெற்றவளாக அவள் போயிருப்பாள், நான் வீடுகளுக்குக் கேஸ் நிரப்பும் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வேலை உடுப்போடு போய் உட்கார்ந்தேன். ஒரு தட்டில் பிஸ்கட் நீட்டினார். "வேணாங்க" என்றேன். தட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். அக்கா, ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு. நம் ஊரில் முதல் தடவை வேண்டாம் என்போம், இரண்டாம் தடவையும் வேண்டாம் என்போம், மூன்றாம் தடவை கேட்டால்தான் அது நிஜமான கேள்வி, அதற்குத்தான் நிஜமான பதிலும். காலையிலிருந்து சாப்பிடாதவன் நான், அலமாரியையே பார்த்துக்கொண்டு பேச வேண்டியதாயிற்று.

"உங்க பொண்ணப் பத்திப் பெருமையா சொல்லுங்க சார், கேப்போம்" என்றார்.

"என்னத்தச் சொல்றது. மோசம்னு சொல்ல முடியாது."

"அவகிட்ட உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது என்ன?"

நான் நன்றாக யோசித்தேன். "வச்சதச் சாப்பிடுவா."

"வேற?"

"சத்தம் போடமாட்டா. ஏரி, பனி, அதெல்லாம் கொஞ்சம் தெரியும்."

"வீட்டு நிலைமை எப்படி சார்?"

"இதவிட மோசமா இருந்திருக்கலாம்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க தனியா இல்ல சார்" என்றார். அறையில் இரண்டு பேர் இருந்ததால் நானும் "ஆமா" என்றேன். வெளியே வரும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது போல் மகளை இப்படியா வெளி மனுஷியிடம் தூக்கி வைத்துப் பேசுவது, ஊருக்குத் தெரிந்தால் சிரிப்பார்களே என்று வண்டிக்குள் உட்கார்ந்து வெட்கப்பட்டேன்.

அங்கிருந்து தொடங்கியது. பிள்ளைக்கு எதில் நாட்டம் என்று கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் பரீட்சை ஒன்று வைத்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 'மிகவும் பிடிக்கும்' முதல் 'அறவே பிடிக்காது' வரை ஐந்து பதில். மேலே இருப்பதைத் தொட்டால் தற்பெருமை, கீழே இருப்பதைத் தொட்டால் மரியாதைக் குறைவு, ஆகவே பிரிட்டா எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பதையே தொட்டுவிட்டு வந்தாள். வளர்த்தது நான், குறை சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் யோசித்து, இந்தப் பெண் சுங்கச் சாவடியில் சீட்டுக் கிழிக்கலாம் என்றது. நம் மாநிலத்தில் சுங்கச் சாவடியே கிடையாது. மிஸ் ஹோலிஸுக்குக் கண் கலங்கிவிட்டதாம். உடனே, வீட்டில் கஷ்டப்படும் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து மனம் விட்டுப் பேசும் குழுவில் இவளைச் சேர்த்தார். எனக்கு அப்படிக் கஷ்டம் ஒன்றும் இல்லை என்று சொன்னால் மற்றவர்கள் மனம் புண்படுமே என்று இவளும் வாரா வாரம் போய் உட்கார்ந்து, எல்லாருடைய கஷ்டத்தையும் கேட்டுவிட்டு வந்தாள். "நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன். "பரவால்லன்னு சொன்னேன்ப்பா. எல்லாரும் கட்டிப் பிடிச்சு அழுதாங்க" என்றாள்.

பிறகு வெள்ளிக்கிழமை உணவுப் பை. வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுத்து அனுப்புவார்களே, அதைத் தூக்கிக்கொண்டு மிஸ் ஹோலிஸே வாசலுக்கு வந்துவிட்டார். "வேணாங்க, எங்களுக்கு இருக்கு" என்றேன். பிஸ்கட் விஷயத்துக்குப் பிறகு பள்ளி அலுவலகத்து ஆர்டிஸ் அவருக்கு ஊர் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், இப்போதுதான் அவருக்கு அது நினைவுக்கு வந்தது. இரண்டாம் தடவை கேட்டார், மறுத்தேன். மூன்றாம் தடவை கேட்டுவிட்டார். அதற்கு மேல் எப்படி மறுப்பது, வாங்கிக்கொண்டேன். அதை எதிர்வீட்டு ஹெல்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தது. அடுத்த ஞாயிறே தேவாலயப் பெண்கள் உருளைக்கிழங்கு உருண்டை அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தார்கள். அது சாவு வீட்டுச் சாப்பாடு என்று உனக்குத் தெரியும். போதகர் வந்தார், காப்பி குடித்தார், காற்றைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, போகும்போது என் தோளைத் தொட்டார். போதகர் தோளைத் தொட்டால் என்ன ஆகும்? எனக்குப் புற்றுநோய் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. கேஸ் நிரப்பப் போகும் வீடுகளில், "இன்னும் வேலைக்கா வர்றே லைல்?" என்று மெதுவாகக் கேட்டார்கள். "வேற என்ன செய்யறது" என்றேன். அதையும் சாகப்போகிறவனின் பேச்சு என்றே எடுத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், ஒரு வாரம் நானே டாக்டரிடம் போகலாமா என்று யோசித்தேன்.

இதெல்லாம் போகட்டும். கல்லூரிக்கு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் போக வேண்டும். கணக்கு ஆசிரியர் நைகார்ட், "இந்த மாணவியால் எனக்குத் தொந்தரவு எதுவும் இல்லை" என்று ஒரு வரி எழுதினார். இவ்வளவு புகழ்ந்தால் மற்ற பிள்ளைகள் மனம் நோகுமே என்று நாள் கணக்கில் யோசித்து எழுதினாராம். அறிவியல் அம்மா, "நேரத்துக்கு வருவாள்" என்று எழுதினார். மிஸ் ஹோலிஸ் நல்ல மனதோடு, நான் சொன்னதை வைத்து, இவள் கடினமான வீட்டிலிருந்து வருகிறாள், தந்தை அதிகம் பேசமாட்டார், ஆனாலும் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று முடித்திருக்கிறார்.

மார்ச்சில் கல்லூரி பதில் போட்டது: காத்திருப்போர் பட்டியல். பிரிட்டா அதைப் படித்தாள், மடித்தாள், பூட்ஸை மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போனாள். இருட்டும் வரை வரவில்லை. வந்ததும், "பரவால்லப்பா" என்றாள். அக்கா, அந்தப் பரவால்லையின் அர்த்தம் எனக்குத் தெரியும்.

மிஸ் ஹோலிஸ் கல்லூரிக்குப் போன் போட்டு விசாரித்தார். "மார்க் எல்லாம் மலை உச்சில இருக்கு மேடம், ஆனா கடிதங்களப் படிச்சா எங்கள யாரோ எச்சரிக்கிற மாதிரி இருக்கு" என்றார்களாம். அவர் குழம்பிப்போய் ஆர்டிஸிடம் கடிதங்களைக் காட்ட, அவள் படித்துவிட்டு, "அடேங்கப்பா, இந்த ஊர்ல யாரையும் இவ்ளோ தூக்கி வச்சு நான் பாத்ததில்லையே" என்றிருக்கிறாள். அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது. என்னைக் கூப்பிட்டு, பிஸ்கட் தட்டை மூன்று தடவை நீட்டினார். பிறகு, "சார், பெத்தவங்க கிட்டேருந்து ஒரு கடிதம் வந்தா மறுபடி பாக்கறோம்னு சொல்றாங்க. உங்க ஊர் பாணில வேணாம். எங்க டெக்சாஸ்காரங்க மாதிரி, மனசுல இருக்கறத அப்படியே எழுதுங்க" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். 'பிரிட்டா என் மகள்' என்று எழுதினேன். அதற்கே வியர்த்துவிட்டது. மேலே போகவில்லை. நீயோ அரிசோனாவில் முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்து நலம் விசாரிக்கும் ஜனங்களோடு இருக்கிறாய், உனக்கு இந்நேரம் வெட்கம் விட்டுப் போயிருக்கும். நீ எழுது. விவரம் நான் தருகிறேன்.

தீயணைப்புப் படைக்கு நிதி சேர்க்க வருஷா வருஷம் ஏரிப் பனிமேல் பழைய கார் ஒன்றை நிறுத்தி, அது எந்த நாள் மூழ்கும் என்று பந்தயம் கட்டுவார்களே, அதில் இவள் தொடர்ந்து ஜெயித்ததால், "நீ நடுவரா இரும்மா" என்று கெஞ்சிக் கேட்டு ஒதுக்கிவைத்தார்கள். லண்ட் சகோதரர்களிடம் இந்தப் பக்கம் வண்டியை விடாதீர்கள், அடியில் ஊற்று இருக்கிறது, பனி தாங்காது என்றாள். சிரித்தார்கள். வண்டி இன்னும் ஏரிக்குள்தான் இருக்கிறது, அவர்கள் கரையேறியது இவள் வீசிய கயிற்றில். இதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை, லண்ட் வீட்டுக்குக் கேஸ் நிரப்பப் போனபோது தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று. இதை உனக்கும் சொன்னதில்லை. டயான் படுக்கையில் கிடந்த அந்தக் குளிர்காலம் முழுக்க, இவள் காலையில் ஏரிக்குப் போய்ப் பனியைத் துளைத்துக் கனம் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் சொல்வாள். ஏரிப் பனி உடையறதப் பாத்துட்டுப் போயிட்டாப் போதும் என்று டயான் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி நாள் காலையில் பிரிட்டா ஈர பூட்ஸோடு வந்து, "உடஞ்சிடுச்சும்மா. தண்ணி தெரியுது. பறவைகூட வந்திருச்சு" என்றாள். அந்த அறை ஜன்னல் ஏரிப் பக்கம் இல்லை. டயான் சிரித்தாள், மத்தியானம் போய்விட்டாள். ஏரி அதற்குப் பிறகும் வெகுநாள் உறைந்தேதான் கிடந்தது. என் மகள் பனியைப் பற்றித் தப்பாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அக்கா, அந்தப் பெண்மேல் எனக்கு உயிர். அவள் மாதிரி ஒரு பிள்ளை இந்த ஜில்லாவில் இல்லை, எங்கேயும் இருக்காது என்றே நினைக்கிறேன். இதையெல்லாம் கல்லூரிக்காரர்களுக்கு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, நீ பார்த்து நாகரிகமாக எழுது.

அவள் போய்விட்டால் நான் தனியாகக் கிடப்பேனே என்று நீ கவலைப்படுவாய். வேண்டாம். நாய் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டி நிறைய ஹாட்டிஷ் இருக்கிறது. குளிர்காலம் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

கர்த்தர் உங்கள் இருவரையும் நிழலில் வைத்துக் காக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம், முழங்காலுக்குச் சூடு ஒற்றடம் கொடுக்கச் சொல்.

உன் அன்புத் தம்பி,
லைல்

பின்குறிப்பு: நீ எழுத வேண்டாம். தபால்தலை தேடி நான் உள்ளே போன நேரத்தில் பிரிட்டா இதைப் படித்துவிட்டாள். பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "கடிதம் மோசமில்லப்பா" என்றாள். மறுநாள் கொண்டுபோய் மிஸ் ஹோலிஸிடம் கொடுக்க, அவர் ஒரு வரி விடாமல் நகல் எடுத்து, அரிசோனாக்காரர்களின் வெட்கம் உட்பட, கல்லூரிக்கு அனுப்பிவிட்டார். இடம் கிடைத்துவிட்டது. அத்தானின் முழங்கால் இப்போது எப்படி என்று அவர்களும் கேட்டிருக்கிறார்கள். ஆகஸ்டில் கிளம்புகிறாள். நேற்று சாப்பிடும்போது, "நான் இங்கயே இருந்துடட்டுமாப்பா? பக்கத்து டவுன்லயும் காலேஜ் இருக்கே" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தட்டுக் கழுவும்போது மறுபடியும் கேட்டாள். வேண்டாம் என்றேன். மூன்றாம் தடவை அவள் வாயைத் திறப்பதற்குள் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.