நாற்பத்து மூன்று படங்களில் முப்பத்தொன்றில் நான்

வெள்ளவத்தை,
16ஆம் திகதி, செவ்வாய்.

அன்பின் மருமகன் அப்ஹாமுக்கு,

மாமா மர்ஸூக் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மாமி பஸீஹா சுகம், உங்கள் மனைவி அஸ்கா சுகம், மேல் வீட்டு சவுந்தரநாயகம் ஐயாவும் அவருடைய இருமலும் சுகம். என் சுகத்தை மட்டும் கேட்க வேண்டாம். மெல்பர்னில் குளிராமே, காதை மூடிக்கொண்டு போகிறீர்களா? நிற்க என்று எழுத வேண்டிய இடம் இது. ஆனால் நான் நின்று ஒன்பது நாளாகிறது. ஹோலுக்கும் பல்கனிக்கும் நடக்கிறேன், பல்கனி போதாமல் மரைன் டிரைவில் நடக்கிறேன், பம்பலப்பிட்டி ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்புகிறேன். கடலை விற்கிறவர் எனக்கு சலாம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று நீங்கள் யோசிப்பீர்கள். நான் கண்டதையும் ஃபோர்வார்ட் பண்ணுகிறேன் என்று சொல்லி, என் வாட்ஸ்அப்பை அஸ்கா தன்னுடைய லெப்டொப்பில் இணைத்து வைத்திருக்கிறாள். போனில் கதைக்கலாம் என்றால், நான் மெதுவாகக் கதைப்பது பக்கத்து லேனுக்குக் கேட்கும் என்று மாமி சொல்வார். அதனால் சனிக்கிழமை அங்கே மகளைப் பார்க்க வருகிற பௌஸி ஹாஜியாரிடம் இதை ஒட்டிக் கொடுக்கிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். அஸ்காவுக்கு மட்டும் தெரியவே கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். பதினாலு மாதமாக அஸ்காவின் விசா இழுபடுவதற்குக் காரணம் நான்.

எழுதிவிட்டேன். விண்ணப்பம் போடும்போதே அஸ்கா, "வாப்பா, நானே போடுறேன், நீங்க அலைய வாண்டாம்" என்றுதான் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. ஷிப்பிங் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் டொக்கியுமென்ட் செக்ஷனில் இருந்தவன், என் கையால் போன காகிதம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை, என் மகளின் காகிதத்தை இன்னொருவர் அனுப்புவதா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பதில் வருகிற மெயில் விலாசமாக என் விலாசத்தைக் கொடுத்து, பாஸ்வேர்டை மறக்காமலிருக்க குசினிக் கதவுக்குப் பின்னால் கலண்டரில் எழுதி, அவள் தந்த பென் டிரைவையும் ஒரு கட்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு, சந்தைக்கு எதிரில் உள்ள இன்டர்நெட் கொமியுனிகேஷன் கடைக்குப் போனேன். பென் டிரைவில் இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நுவரெலியாவில் நீங்கள் இருவரும். கடற்கரையில் நீங்கள் இருவரும். ஒரு குடைக்குள் நீங்கள் இருவரும், அதுவும் மழையே இல்லாமல். தப்பில்லை மருமகன், நீங்கள் நிக்காஹ் முடித்தவர்கள், ஹலாலான புருஷன் பெண்சாதி. ஆனால் பார்க்கப்போகிறவன் யார்? டை கட்டிய ஓர் அந்நிய ஆம்பிளை, கோப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து என் பிள்ளையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பானே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. குடையை நீக்கினேன். பிறகு நுவரெலியாவை நீக்கினேன். கடற்கரையையும் நீக்கினேன். கடைசியில் மிஞ்சியது நாற்பத்து மூன்று, அத்தனையும் மரியாதையான படங்கள்.

மரியாதையான படங்கள் என்றால் பள்ளிவாசலில் எடுத்தவை. நம்முடைய நிக்காஹ்வில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுப்பவர் பெண்ணின் வாப்பா, பெண் வீட்டில் இருப்பாள், இது கொழும்பில் எல்லோருக்கும் தெரியும். விசா ஆபீஸுக்குத் தெரியவில்லை. போன வாரம் மெயில் பார்க்கும்போது கண்டேன். மற்ற மெயில்களெல்லாம் தடித்த கறுப்பு எழுத்தில் நிற்க, இது மட்டும் நோன்பு பிடித்ததுபோல மெலிந்து இடையில் கிடந்தது. அதனால் வந்து மூன்று நாளைக்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. ஆபீஸர் எழுதியிருக்கிறார்: 'அனுப்பப்பட்ட நாற்பத்து மூன்று படங்களில், முப்பத்தொன்றில் கணவர் வயதான ஓர் ஆணின் கையைப் பிடித்திருக்கிறார். விண்ணப்பதாரி நான்கு படங்களில் இருக்கிறார், அதில் ஒன்றில் முழங்கை மட்டும் தெரிகிறது. இவர்களுக்கிடையிலான உறவை விளக்கவும்.' கீழே ஒரு பொம்பிளையின் பெயர். பொம்பிளை என்று முதலிலேயே தெரிந்திருந்தால் குடைப் படத்தையாவது விட்டிருப்பேன்.

அதோடு நிற்கவில்லை. கணவனும் மனைவியும் அனுப்பிக்கொண்ட செய்திகள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள் அல்லவா, அஸ்கா தந்த கட்டு அதுதான். மகளும் மருமகனும் கதைத்ததை ஒரு தகப்பன் படிக்கலாமா? அல்லாஹ் சாட்சியாக ஒரு வரி படிக்கவில்லை. ஆனால் படித்துப் பார்க்காத காகிதத்தை அனுப்புவதும் என் பழக்கமில்லை. யோசித்து யோசித்து, நீங்களும் நானும் அனுப்பிக்கொண்டதை பிரிண்ட் எடுத்து அனுப்பினேன். அறுநூற்றுப் பதினொரு செய்திகள். 'ஜும்ஆ முபாரக்', 'சாப்பிட்டீங்களா', 'மழையா', 'இலங்கை எத்தனை விக்கெட்'. அந்த அம்மா எழுதுகிறார், கணவருக்கு மாமனாரோடு நெருக்கமான, நீடித்த உறவு இருப்பது தெளிவாகிறதாம், மனைவியோடு இருப்பதற்கு ஆதாரம் தேவையாம்.

மூன்றாவது சவுந்தரநாயகம் ஐயா. தம்பதியை நன்றாக அறிந்த ஒருவர் கடிதம் தர வேண்டும் என்றார்கள். இருபத்தாறு வருஷமாக மேல் வீட்டில் இருக்கிறவர், நல்ல இங்கிலீஷ்காரர், அவரைவிட யார்? சந்தோஷமாக எழுதித் தந்தார். 'அஸ்காவை அவர் பிறந்த நாளிலிருந்து நான் அறிவேன். அவர் எந்த ஆணோடும் தனியாக நின்றதை நான் கண்டதில்லை, அவருடைய கணவரோடுகூட.' அன்றைக்கு அதைப் படித்து எனக்குப் பெருமையில் கண் கலங்கியது. நேற்று மேலே போய், "ஐயா, இப்பிடி எழுதிட்டீங்களே" என்றேன். "ஏன் மர்ஸூக், நல்ல வளர்ப்பு எண்டுதானே எழுதினனான், பொய்யா எழுதச் சொல்லுறீரோ?" என்று கோபித்துக்கொண்டார். இருமலும் கூடிவிட்டது.

புதிய ஆதாரம் அனுப்ப இருபத்தெட்டு நாள் தந்தார்கள், பன்னிரண்டு போய்விட்டது. பென் டிரைவில் மற்றப் படங்களை அன்றைக்கே அழித்துவிட்டேன். வியாழக்கிழமை மாமியிடம் பல் டொக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு, புறக்கோட்டையில் பஸ் மாறி, களனிப் பாலத்து நெரிசலில் ஒரு மணித்தியாலம் வெந்து, கல்யாணப் படம் எடுத்த வத்தளை ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரர் என்னைக் கண்டதும் சிரித்தார். "அங்கிள்ம நே கிவ்வே மக்கன்ன கியலா?" என்றார் சிங்களத்தில், அழிக்கச் சொன்னதே அங்கிள்தானே என்று. உண்மைதான், கல்யாணம் முடிந்த மறுநாளே போன் பண்ணி, வெளி ஆட்கள் கண்ணில் படக்கூடாது, எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்று சொன்னவன் நானேதான். வீட்டுக்கு வந்தால் மாமி வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்க்கிறார்.

அஸ்காவின் லெப்டொப்பில் எல்லாம் இருக்கும். கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். முந்தாநாள் அவளே கேட்டாள், "என்ன வாப்பா, நடந்துகொண்டே ஈக்கிறீங்க?" "சுகர் மகள், டொக்டர் நடக்கச் சொன்னார்" என்றேன். என் மருந்துப் பெட்டியில் ஏழு நாளைக்கும் குளிசை பிரித்துப் போட்டுவிட்டு, சப்பாத்து லேஸ் அவிழ்ந்திருக்கிறது, கட்டிக்கொண்டு நடங்கள் என்றாள். நீங்களும் வெள்ளிக்கிழமை, 'மாமா, ஒண்டுக்கும் யோசிக்க வாண்டாம்' என்று அனுப்பியிருந்தீர்கள். எதற்கு என்று விளங்கவில்லை, ஆனாலும் அழுகை வந்தது.

மகளை அனுப்ப மனமில்லாமல் வேண்டுமென்றே செய்தேன் என்று யாராவது சொல்லக்கூடும். வல்லாஹி இல்லை. சூட்கேஸ்கூட வாங்கிவிட்டேன். வெறும் சூட்கேஸ் எத்தனை கிலோ என்று மூன்று தடவை நிறுத்தும் பார்த்துவிட்டேன். விசா வந்த அன்றைக்கே லேன் முழுக்க வட்டிலப்பம் கொடுக்க நேர்ந்திருக்கிறேன். ஆகையால் மருமகன், உங்கள் போனில் இருக்கிற படங்களையெல்லாம், குடையும் சேர்த்து, ஒரு பென் டிரைவில் போட்டு பௌஸி ஹாஜியாரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் புதன்கிழமை திரும்புகிறார். நான் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புகிறேன். என் பிள்ளை இனியும் காத்திருக்கக் கூடாது. உங்களை ஒரு நாளாவது சந்தேகித்து நான் அந்தப் படங்களை நீக்கவில்லை, அதை மட்டும் நம்புங்கள்.

உங்கள் உம்மா வாப்பாவுக்கு எங்கள் சலாம். ரப்பு உங்கள் இருவரையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்து, அந்தக் கூரை ஒழுகாமலும் பார்த்துக்கொள்வானாக.

இப்படிக்கு,
உங்கள் மாமா
மர்ஸூக்

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். அஸர் தொழுதுவிட்டுச் சும்மா மெயிலைப் பார்த்தேன். தடித்த எழுத்தில் ஒன்று. விசா கிடைத்துவிட்டது மருமகன், அல்ஹம்துலில்லாஹ். ஐந்தாம் திகதி எங்கள் பக்கமிருந்து வந்த நூற்று அறுபத்தொன்பது படங்களையும் செய்திகளையும் பார்த்துத் திருப்தி என்று அந்த அம்மா எழுதியிருக்கிறார். நான் அன்றைக்கு நீக்கியதும் சரியாக நூற்று அறுபத்தொன்பதுதான். அஸ்கா கலண்டரில் பாஸ்வேர்டைப் பார்த்து எனக்கு முதலே அந்த மெயிலைத் திறந்திருக்கிறாள், மறுநாளே எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறாள், அதுதான் அது மெலிந்து கிடந்தது. எனக்கு வெட்கமாகிவிடும் என்று வாய் திறக்காமல் என்னை நடக்க விட்டிருக்கிறாள். உங்களுக்கும் தெரியும்தானே? நல்ல ஆட்கள்.

இந்த மெயிலை இன்னும் அவள் பார்க்கவில்லை. நான் திறந்துவிட்டதால் இதுவும் மெலிந்துவிட்டது. பார்த்த மெயிலைத் திரும்பவும் பார்க்காததாகத் தடிப்பாக்க ஒரு வழி இருக்கிறதாம். இந்த வீட்டில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். குசினியிலிருந்து கூப்பிடுகிறாள், இஞ்சி போட்ட தேத்தண்ணி ஆறுகிறதாம். குடித்து முடித்ததும் சொல்லிவிடுவேன். இன்றைக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் குடிப்பேன்.