பதினான்காவது கேள்வி

சிலிம் ரிவர்,
14.2.1978

லண்டனில் வெளிநாட்டு முதலீடு பற்றி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் என் மகன் சதாசிவத்துக்கு, ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் சின்னையா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஐந்து கோழிகளும் சுகம். அங்கே குளிருக்குக் கம்பளிச்சட்டை போடுகிறாயா என்று அம்மா கேட்கிறாள். முதலில் அதற்குப் பதில் போடு, ஆராய்ச்சி எல்லாம் அப்புறம்.

நீ அனுப்பிய நாற்பது கேள்விப் பாரங்களும் வந்தன. மார்ச்சுக்குள் தோட்டத்து ஆட்களிடம் கேட்டு நிரப்பி அனுப்பாவிட்டால் பட்டமும் இல்லை, பல்கலைக்கழக வேலையும் இல்லை என்று எழுதியிருந்தாய். சரி, பிள்ளை காரியமாயிற்றே என்று ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன். அங்கேதான் வந்தது வினை. பாரம் என்றதும் சனங்கள் அடையாளக் கார்டும் பிறப்புச் சான்றிதழுமாக, தீபாவளிச் சேலை கட்டிக்கொண்டு வரிசை பிடித்துவிட்டார்கள். "ஏண்ணே, இதுல கைநாட்டு வச்சா என் சிவப்பு ஐசி நீலமாயிடுமா?" என்கிறாள் கருப்பம்மாள். நீல அடையாளக் கார்டு கிடைத்தால்தான் குடியுரிமை; அதற்கு அலைந்தே கால் தேய்ந்தவள், பாவம். இது அதற்கில்லை, என் மகன் படிப்புக்கு என்று சொல்ல எனக்கே நாக்கு கூசியது. அவளோ, "நம்ம சதாவுக்கா? அப்ப ரெண்டு பாரத்துல வைக்கிறேண்ணே" என்கிறாள். தடுப்பதற்குள் பெரும்பாடு.

குறை ஏதும் உண்டா என்ற கேள்விக்கு முப்பத்தொன்பது பேரும் ஒரே பதில்: "நல்ல கம்பெனி லா." போன வாரம்தான் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று இதே கூட்டம் ஆபீஸ் முன்னால் சத்தம் போட்டது! தோட்டத்துத் துரை இதைப் படிக்கமாட்டார் என்று சத்தியம் செய்தும் கேட்கவில்லை. ஒன்பதாவது கேள்வி, கம்பெனியின் சொந்தக்காரர் யார்? நல்லம்மாள் இடுப்பில் கைவைத்து, "முப்பத்தோரு வருசமா இந்த மரத்துல நாந்தான் பால் வெட்டுறேன். வேற எவனும் வந்து நான் பார்த்ததில்ல. என் பேரையே எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். உன் பேராசிரியருக்குச் சந்தேகம் இருந்தால் நேரில் வந்து அவளிடமே கேட்கட்டும்.

பதினான்காவது கேள்விதான் எனக்கு ஆத்திரம். 'கம்பெனி தோட்டத்தை விற்றுவிட்டால் நீங்கள் எங்கே போவீர்கள்?' இதே லயத்து வீட்டில் பிறந்தவன் கேட்கிற கேள்வியாடா இது? கலகலவென்று இருந்த கூட்டம் கார்டுகளை மடியில் முடிந்துகொண்டு கலைய ஆரம்பித்தது. முப்பத்தொன்பது பாரத்திலும் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். தோட்டத்தை விற்கிறார்கள் என்று சித்தியவானிலிருந்து உன் மாமன் பத்துமலை எழுதினால் நம்பாதே, வெறும் புரளி. எங்களைப் பற்றி ஒரு கவலையும் வேண்டாம். படிப்பை முடிக்காமல் இந்தப் பக்கம் தலைகாட்டாதே.

மாரியம்மன் உனக்குப் பட்டமும் நல்ல புத்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சின்னையா

பி.கு.: தோட்டத்தை விற்றாயிற்று. மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நேற்று கடுதாசி வந்தது. ஓர் ஆள் குறைந்ததால் நாற்பதாவது பாரத்தை நானே நிரப்பினேன். பதினான்காவது கேள்வியில் நானும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உன் அம்மா அதை எடுத்து, தனக்குத் தெரிந்த கோணல் எழுத்தில், 'எங்க மவன் கிட்ட' என்று எழுதிவிட்டாள். அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதையும் அப்படியே உன் பேராசிரியரிடம் கொடுத்துவிடு.