கோழிக்கூரைப் படகு

“இன்னும் ஒரு படிதான் பாக்கி, மெர்வின். அதுவும் முழுகினா வராண்டாதான்” என்றாள் மனைவி நோரீன்.

மெர்வின் ட்ரெலோர் படியைப் பார்க்கவில்லை. கிளாரன்ஸ் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்ததில் அவருடைய மேய்ச்சல் நிலம் பழுப்புக் கடலாகியிருந்தது. அதற்கு அப்பால், முந்நூறு மீட்டர் தள்ளி, பள்ளத்தில் இருந்த அண்டை வீட்டின் வராண்டாக் கூரையில் புரூனோ நின்றுகொண்டு ஒரு சிவப்புத் துணியை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி எல்டா.

வேலித் தகராறில் இரண்டு ஆண்களுக்கும் மூன்று வருடமாகப் பேச்சில்லை.

“அவன் போய் என்னைக் கூப்பிடறான்னா, நிலைமை எவ்வளவு மோசமா இருக்கணும்!”

“போன் செத்துப்போச்சு. படகும் இல்லை. உனக்கு நீச்சலும் தெரியாது. என்ன செய்யப்போறே?”

“சின்ன வயசுல தகரத்துலயே படகு செஞ்சு விட்டிருக்கோம். ஒரு மணி நேர வேலை.”

கோழிக்கூண்டின் கூரையிலிருந்து நெளிநெளியான தகர ஷீட் ஒன்றைப் பிடுங்கினார். கூரை போன கோழிகள் சமையலறைக்குள் புகுந்து மேஜையைப் பிடித்துக்கொண்டன. தகரத்தின் இரண்டு முனைகளையும் தட்டிச் சப்பையாக்கி, மடித்து, நடுவே கட்டையைக் கொடுத்து ஆணி அடித்தார். இடுக்குகளில் தாரைக் காய்ச்சி ஊற்றினார்.

தார் தீர்ந்த பிறகுதான் பழைய ஆணி ஓட்டைகள் கண்ணில் பட்டன. பதினொன்று.

“சோப்பு கொண்டா!”

“என் தங்கச்சி கொடுத்த லாவெண்டர் சோப்புதான் இருக்கு.”

“ஆள் சாகக்கிடக்கிறப்ப வாசனையா பார்ப்பாங்க?”

ஓட்டைகளில் சோப்பை அப்பி, தண்ணீரில் இறக்கினார். ஏறி உட்கார்ந்ததும் படகு பக்கவாட்டில் புரண்டு அவரைப் படியிலேயே கொட்டியது. இரண்டு காலி கேன்களைக் கொண்டுவந்து, துணி காயப்போடும் கயிற்றால் இருபுறமும் கட்டினார். இப்போது புரளவில்லை. ஆனால், நேராகவும் போகவில்லை.

“வேண்டாம், மெர்வின். சொன்னாக் கேளு.”

“கோழிக்குத் தீனி போடு” என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியைத் துடுப்பாக்கிக் கிளம்பினார்.

பாதி வழியில் காலடியில் நுரை கிளம்பியது. சோப்பு கரைந்துகொண்டிருந்தது. ஒரு காலுறையைக் கழற்றி ஓர் ஓட்டையில் திணித்தார். அடுத்ததில் இன்னொன்று. மூன்றாவதில் விரலை வைத்தார். விரலை வைத்ததும் துடுப்புப் போட முடியவில்லை, படகு செக்கு மாதிரி சுற்ற ஆரம்பித்தது. விரலை எடுத்தால் தண்ணீர் பீய்ச்சியது.

கூரையில் புரூனோ இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினார். காற்றில் ஒன்றும் காதில் விழவில்லை.

“வரேன்! வந்துட்டேன்!”

மிதந்து வந்த மரம் ஒன்று மோதி, இடப்பக்கத்துக் கேனைப் பிய்த்துக்கொண்டு போனது. மெர்வின் வலப்பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மண்வெட்டியைப் போட்டார். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. நாற்பது வருடம் கூடவே வாழ்ந்தவளிடம் கடைசியாகச் சொல்லிவிட்டு வந்தது கோழித் தீனியைப் பற்றியா என்று நினைத்துக்கொண்டார்.

கூரை விளிம்பை எட்டிப் பிடித்த அதே நொடியில் படகு காலடியிலிருந்து நழுவி மூழ்கியது. புரூனோ சட்டைக் காலரைப் பற்றி அவரை மேலே இழுத்துப் போட்டார்.

மூன்று வருடத்தில் புரூனோ அவரிடம் பேசிய முதல் வார்த்தை: “அறிவிருக்கா?”

“காப்பாத்த வந்தவன்கிட்ட பேசற பேச்சா இது?” மெர்வின் இருமிக்கொண்டே கேட்டார். “காலையிலேர்ந்து என்னைக் கூப்பிட்டது யாரு?”

புரூனோ வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னாலிருந்து மோட்டார் சத்தம் கேட்டது. ஆரஞ்சு உடை அணிந்தவர்களோடு மீட்புப் படகு ஒன்று மெர்வின் வீட்டு வராண்டாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

எல்டா ஒரு துண்டை எடுத்து அவர் தோளில் போர்த்தினாள்.

“உங்களை யாருங்க கூப்பிட்டாங்க? எங்களுக்கு மாடி இருக்கு, ‘முதல்ல அந்த வீட்டுக்குப் போங்க’ன்னு மரத்துக்குப் பின்னால சுத்திக்கிட்டிருந்த படகுக்காரங்களுக்குச் சொல்லத்தான் இவர் காலையிலேர்ந்து துணியை ஆட்டிக்கிட்டிருந்தாரு!”