ஞானசுந்தரம் வளர்த்த சமாதானம்

சமரசப் பிராணி என்றொரு இனம் உண்டு, வாசகரே. எங்கே இருவர் குரல் உயர்ந்தாலும் நாற்காலியைத் தூக்கிவந்து நடுவில் போட்டு உட்காரும். சண்டை இல்லாத இடத்தில் அதற்கு மூச்சு முட்டும்.

பர்மாவின் யாங்கூன் நகரில், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஞானசுந்தரம் இந்த இனத்தில் முதல் தரம். ஆயுதத்தைத் தொடுவதே பாவம் என்று தலைமுறை தலைமுறையாகச் சாதித்துவரும் மென்னோனைட் கிறிஸ்தவர்களின் உதவி நிறுவனம் ஒன்று நடத்திய ஐந்து நாள் சமாதானப் பயிற்சிக்குப் போய், வட்டமாக உட்காரவும், கைமாறிவரும் ஒரு பொருளை வைத்திருப்பவரை மட்டும் பேசவிடவும், தீர்வை நாம் சொல்லாமல் சண்டைக்காரர் வாயிலிருந்தே வரவழைக்கவும் கற்றுவந்தார். கடைசி நாள், பயிற்சி கொடுத்த வெள்ளைக்காரர் எல்லாருடைய எச்சில் தட்டையும் கழுவிக்கொண்டிருந்தார். இவர் சான்றிதழோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் குழம்பில் உப்பில்லை என்றுகூட மனைவியிடம் அவர் நேராகச் சொன்னதில்லை.

"மக்தலேனா, இந்தக் குழம்பு உன் மனசுல என்ன உணர்வை எழுப்புது?"

"கரண்டியால ஒண்ணு போடலாம்னு எழுப்புதுங்க."

போன வாரம் இரண்டு நாள் மின்வெட்டுக்குப் பிறகு, மாலை நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. அந்த மாடிக்கே ஒரு தண்ணீர் மோட்டார்தான். என் தொட்டிக்குத்தான் முதலில் என்று பக்கத்து வீட்டுத் தங்கவேலுவும் எதிர்வீட்டுக் கபீரும் மல்லுக்கு நின்றார்கள். ஞானசுந்தரத்தின் நெஞ்சு குளிர்ந்தது. ஓடிப்போய் மோட்டாரை அணைத்தார். இருவரையும் வட்டமாக உட்காரவைத்தார். இரண்டே பேரை எப்படி வட்டமாக வைப்பது? வைத்தார். பேசுகிறவர் கையில் காலி வாளி.

"சார், குளிச்சு ரெண்டு நாளாச்சு" என்றார் தங்கவேலு.

"அந்த வலி எனக்குக் கேக்குது. கோ கபீர், நீங்க?" என்று பர்மிய மரியாதைச் சொல்லோடு மறுபக்கம் திரும்பினார்.

"நானுந்தான் குளிக்கல. மோட்டாரைப் போடுங்க சார்!"

"அவசரமே கூடாது. சின்ன வயசுல தண்ணிக்கும் உங்களுக்கும் இருந்த உறவைச் சொல்லுங்க."

தங்கவேலு சொன்னார். கபீர் சொல்லத் தொடங்கி, ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் மாமா வீட்டுக் குளத்தில் கால் வைக்கும்போது கரண்ட் போனது.

கபீர் மெதுவாகத் தங்கவேலு பக்கம் திரும்பினார். "அண்ணே, அடுத்த தடவ நீங்க முதல்ல புடிங்க. அரை மணி. அப்புறம் நான்."

"சரி தம்பி. இவரு?"

"உள்ள வெச்சுப் பூட்டிருவோம்."

தீர்வு அவர்கள் வாயிலிருந்தே வந்துவிட்டது! ஞானசுந்தரத்துக்குக் கண் கலங்கியது. மறுநாள் கரண்ட் வந்தபோது, வெளியே பூட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்து, 'மாபெரும் வெற்றி' என்று நிறுவனத்துக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். பூட்டு கொடுத்தது மக்தலேனா.

சிரிக்கிறீர்கள். சரி. தங்கவேலு சொல்வதும் நியாயம், கபீர் சொல்வதும் நியாயம், ஞானசுந்தரத்தையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியதா? அப்படியானால் எழுந்துபோய், உங்கள் வீட்டுக் கதவு திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.