லூப்பில் நின்ற டபுள்யூ.ஜி. நைனா

ஆந்திரா தனி மாநிலமாகி, புத்தூர் யாருக்கு என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த காலத்தில், அதைப் பற்றி ஒரு துளிகூடக் கவலைப்படாத ஒரே ஜீவன் டபுள்யூ.ஜி. நைனாதான். சத்தியமாகச் சொல்கிறேன். அவருக்குத் தெரிந்த எல்லைத் தகராறு ஒன்றே ஒன்று. அது மெயின் லைனுக்கும் லூப் லைனுக்கும் நடுவில் இருந்தது.

டபுள்யூ.ஜி. என்பது அவருடைய இனிஷியல் அல்ல. அவர் ஓட்டிய சரக்கு எஞ்சின் வகையின் பெயர். சொந்தப் பெயர் டூட்டி லிஸ்டைத் தாண்டி எங்கும் புழங்கவில்லை. நான் அப்போது புத்தூரில் அசிஸ்டென்ட் ஸ்டேஷன் மாஸ்டர். பின்னால் மெயில் வருகிறதென்றால், அவருடைய கூட்ஸை லூப் என்கிற பக்கத் தண்டவாளத்தில் ஒதுக்கிவிட்டு மெயிலை மெயின் லைனில் விடுவது என் வேலை. ஒதுக்கிய மறு நிமிடம் மனிதர் இறங்கி வந்து, என் மேஜை முன்னால் எஞ்சினின் வம்ச வரலாற்றை ஆரம்பித்துவிடுவார்.

"மொதல்ல சீமையிலேர்ந்து கப்பல்ல வந்துச்சு சார். அப்பறம் சித்தரஞ்சன்ல நம்ம தொழிற்சாலை தொறந்தாங்களே, அங்க மொதமொதல்ல செஞ்ச எஞ்சின் எது? என்னுதுதான்! மெயில் எஞ்சினுக்கும் இதுக்கும் ஒரே பாய்லரு. அவனுக்கு இழுக்கற சக்கரம் ஆறு, எனக்கு எட்டு. நான் ஏன் சார் லூப்புல நிக்கணும்?"

இதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஓய்வு பெறுவதற்குள் ஒரே ஒரு நாள் மெயில் லூப்பில் நிற்க வேண்டும், தான் அதைத் தாண்டிப் போக வேண்டும். மனிதருக்கு வேறு ஆசையே கிடையாது.

ஒருநாள் அதற்கு வழி பிறந்தது. தமிழ்ப் பகுதிகளைச் சென்னை ராஜ்ஜியத்தோடு சேர்க்கச் சொல்லி, கடைவீதி டெய்லர் தலைமையில் நாற்பது பேர் மெயிலை மறிக்க மெயின் லைனில் உட்கார்ந்துவிட்டார்கள். மெயிலைப் பின்னால் ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனிலேயே நிறுத்தி வைத்தோம். லூப்பில் நைனாவின் கூட்ஸ். டெய்லர் பெருந்தன்மையாக, "கூட்ஸ நாங்க தடுக்க மாட்டோம் சார், போவச் சொல்லுங்க" என்றார்.

மெயிலுக்கு முன்னால் போகலாம்! ஓடிப் போய்ச் சொன்னேன். நைனாவின் முகம் சுருங்கிவிட்டது. நேராக டெய்லர் மேல் பாய்ந்தார்.

"ஏன்யா, என் வண்டி உனக்கு வண்டியாத் தெரியலியா?"

"அதுல ஜனம் இல்லியே நைனா. அத்த மறிச்சா எவன் கேக்கப்போறான்?"

"ஜனம் துன்ற அரிசி கீதே! மறிச்சாத்தான் போவேன்."

பிரேக்கைப் போட்டுவிட்டு, கப்பலில் வந்த கதையிலிருந்து தொடங்கினார். காவலுக்கு வந்திருந்த போலீஸைப் பார்த்துக்கூட அந்தக் கூட்டம் அப்படி மிரளவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு, "ஏமய்யா, நுவ்வு எவரி பட்சம்?" என்று தெலுங்கில், நீ யார் பக்கம் என்று கேட்டார்.

"எட்டு சக்கரத்து பட்சம்" என்றார் நைனா.

கடைசியில் டெய்லர் தாளமாட்டாமல் நாற்பது பேரையும் கிளப்பிக்கொண்டு போய்க் கூட்ஸுக்கு முன்னால் உட்கார வைத்துக் கோஷம் போட்டார். நைனா உச்சி குளிர்ந்து வரலாற்றை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள், மெயின் லைன் காலியானதைப் பார்த்துவிட்ட சப்-இன்ஸ்பெக்டர் எங்கள் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லி மெயிலை வரவழைத்துவிட்டார். அது எல்லோர் மூஞ்சியிலும் புகையை விட்டுக்கொண்டு போனது. டெய்லர் போன வண்டியைப் பார்த்துத் திட்டினார். நைனா மட்டும், "வுடுங்க சார். நம்மளயும் மறிச்சாங்கல்ல?" என்றார்.

அவருடைய கடைசி ட்ரிப் அன்று நான் ஒரு காரியம் செய்தேன். முன்னால் வந்த மெயிலை லூப்பில் நிறுத்திவிட்டு, கூட்ஸுக்கு மெயின் லைன் சிக்னலை இறக்கி வழி கொடுத்தேன். கூட்ஸ் வரவில்லை. சிக்னலுக்கு அந்தப் பக்கமே நின்று விசில் அடித்துக்கொண்டிருந்தது. பச்சைக் கொடியோடு மூச்சிரைக்க ஓடினேன்.

"சிக்னல் தப்பா வுழுந்துகீது சார். மெயின் லைன காட்டுது."

"தப்பு இல்ல நைனா. உங்களுக்குத்தான்."

"மெயிலு?"

"லூப்புல."

மனிதர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மெயிலைத் தாண்டினார் பாருங்கள், கல்யாண ஊர்வலம்கூட அதைவிட வேகமாகப் போகும்.

மெயில் தாமதமானதற்குக் காரணம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. ஒரே பாய்லர் என்று எழுதினால் மேலே யாருக்கும் புரியாது. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று எழுத, அதில் இடம் இல்லை.